வீட்டுப் பட்டியலுக்காக ஒரு பதிவு

பெப். 9, திங்கள்
காலையிலிருந்தே தூறல். நான் பிள்ளை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்று பதினொரு குழந்தைகள், மூன்றுக்குச் சளி. பால்மா தீரப் போகிறது, தோட்டத்துத் துரையிடம் சொல்ல வேண்டும்.
மூத்தவள் கௌசி நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் கொண்டுவந்தாள். மார்க்ஸ் போதும் என்று டீச்சர் சொன்னாராம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

பெப். 10
விண்ணப்பத்தில் இரண்டாம் பக்கம்: திருமணமாகாதவராக இருக்க வேண்டும். கௌசி சத்தமாகப் படித்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.
இரண்டு வருஷத்துக்கு முன் தொழிற்சங்கத் தலைவர் சொன்னார்: அரசாங்கம் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டித் தரும் புது வீட்டுப் பட்டியலில் குடும்பத்துக்கு ஒரு வீடு, மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அது தனிக் குடும்பம், இன்னொரு வீடு. பட்டியல் மூட இரண்டே வாரம். என் அண்ணன் மகன் ரமேஷோடு, பதினெட்டு முடிந்த கையோடு கௌசியை யட்டவத்தையில் ரெஜிஸ்டர் பண்ணினோம். பேப்பருக்கு மட்டும் என்று பேச்சு. தாலி இல்லை, சோறு இல்லை. அவன் அன்றைக்கே கொழும்புக் கடைக்குத் திரும்பிவிட்டான். எங்கள் லயத்து வரிசையில் இன்னும் நாலு வீட்டில் இதே கூத்து. சாட்சிக் கையெழுத்து நான்.
பிறகு தேர்தல். ஆட்சி மாறியது, பட்டியலும் போச்சு.

பெப். 12
கிராம சேவகரிடம் போனோம். மணமாகாதவள் என்று ஒரு கடிதம் தரச் சொல்லிக் கெஞ்சினேன். நல்ல மனுஷன்தான். ஆனால் தம்பதிகள் பட்டியலை உறுதிப்படுத்தியதே அவர், இப்போது மாற்றி எழுத முடியாது என்றார். வழக்குப் போட்டுக் கலைத்தாலும் விவாகரத்தானவள் என்றுதான் வருமாம்.
வரும் வழியில் கௌசி சொன்னாள்: "அம்மா, நீங்க சைன் வைக்காம இருந்திருக்கலாம்."
என் கையைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பெப். 14
ரமேஷின் அம்மா, என் அண்ணி வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "பேப்பர்ல அவ எங்க வீட்டு மருமக தானே. சித்திரையில தாலிய கட்டிருவோம்."
கௌசி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். விண்ணப்பத்தைக் கிழிக்கிற சத்தம் வெளியே கேட்டது. அண்ணி பேசிக்கொண்டே இருந்தாள்.

பெப். 15
மழை விட்டது. நாலு நாள் துணி துவைத்தேன்.
வீட்டுக்காரர் தலைவரிடம் நியாயம் கேட்கப் போனார். அரை மணியில் வந்துவிட்டார். தலைவர் இப்போது புது ஆட்சி ஆட்களோடாம். அவர்களும் பட்டியல் எடுக்கிறார்களாம். கௌசியின் பதிவைக் கலைத்துவிடாதீர்கள் என்றாராம். பிறகு, சின்னவளுக்கு என்ன வயசு என்று கேட்டாராம்.
"ஆவணியில பதினெட்டுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் இவர்.