வாயைத் திறக்கும் முன் நின்ற குரவை

மச்சி,

முதலில் என் கண்ணில் பட்டது கோப்பின் அளவு. உன் பழைய லெப்டொப்பில் நீ நாக்கை மடித்து விட்ட குரவைச் சத்தம் பெரிய கோப்பாக இருந்தது. உன் தங்கச்சியின் புது லெப்டொப்புக்குப் போனதும் எறும்பளவாகச் சுருங்கிவிட்டது.

உன் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த வீட்டுக்குக் குடிவர இன்னும் நாளிருக்கிறது. அவர் கட்டாரிலிருந்து அனுப்பிய லெப்டொப் முந்திக்கொண்டு குடிவந்துவிட்டது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது உன் குரவைதான் கேட்க வேண்டும் என்பது உன் உம்மாவின், என் மாமியின், ஆசை. ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்க்க நீ விளையாட்டாகப் பதிந்துவைத்தாயே, அந்த ஒன்றுதான் இருக்கிறது. உன் லெப்டொப்போ இப்போது நினைத்தால் எரிகிறது, நினைத்தால் அணைகிறது.

சும்மா இழுத்துப் போட்டே படியெடுத்திருக்கலாம். ஆனால் இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் தமிழ் நிரலாக்கக் கையேட்டுக்கு நாம் இருவரும் ஒரு பக்கம் எழுதினோமே, அதற்கு எடுத்துக்காட்டாக நீ செய்த சின்ன நிரலால்தான் உன் குரவையைப் படியெடுக்க வேண்டுமென்று எனக்கு ஒரு பிடிவாதம். செய்தேன். மாமியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

மின்விசிறியின் இரைச்சல் வந்தது. நீ மூச்சை இழுக்கத் தொடங்கினாய். அதோடு முடிந்தது.

"வாயத் தொறக்க முதல் நிப்பாட்டிட்டாளேகா!" என்றார் மாமி. "உசிரோட இரிக்கக்க ஒருத்தராலயும் நிப்பாட்ட ஏலாத வாய்!"

நான் சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதிய பின்னேரம் உனக்கு ஞாபகமிருக்குமா? நீ சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் அப்படித்தானே, நீ வாய், நான் விரல். "கோப்பை உரை முறையில் திறந்தாலும் இரும முறையில் திறந்தாலும் வேறுபாடு இல்லை. எந்தக் கணினியிலும் அப்படித்தான்" என்றாய். என் விரல் நின்றது.

"விண்டோஸ்லயுமா?"

"நான் போட்டுப் பாத்தன்கா. ஒரு வித்தியாசமும் இல்ல."

"நீ பாத்தது உன்ட லெப்டொப்பில. அதுல இரிக்கிறது லினக்ஸ்."

"ஒண்டுல சரியெண்டா எல்லாத்துலயும் சரிதான். ஊருக்கு ஊர் ருசி மாற இதென்ன புளியாணமா? அடி புள்ள!"

அப்படியே தட்டச்சில் அடித்தேன். ஒரு பொத்துவில் பஸ் நடத்துநர் ஏசினார் என்பதற்காகப் பொத்துவில்காரர் எல்லோரும் கோபக்காரர்கள் என்று சாதித்தவள் நீ. உன்னோடு யார் வாதாடுவது?

கணினியும் புளியாணம்தான் மச்சி. அதற்கு எல்லாமே எண்கள். எழுத்தும் எண், படமும் எண், உன் குரவையும் எண். விண்டோஸில் ஒரு கோப்பை உரை முறையில் திறந்து படித்தால், இருபத்தாறு என்ற எண் வந்ததும், "சரி, இத்தோடு எழுத்து முடிந்தது" என்று அது எழும்பிப் போய்விடுகிறது. பழைய காலத்து வழக்கமாம். எழுதும்போது வரி முடிகிற இடமெல்லாம் தன் பங்குக்கு இன்னோர் எண்ணையும் செருகிவிடுகிறது. எழுத்துக்கு அதெல்லாம் சரி. குரவைக்கு ஏது வரி? இரும முறையில் திறந்தால் இந்தக் கைவேலை ஒன்றும் நடக்காது, இருந்தது இருந்தபடி வரும். லினக்ஸ் எந்த முறையில் திறந்தாலும் கைவைப்பதில்லை. உன் லெப்டொப்பில் நீ கண்டது உண்மைதான். தங்கச்சியின் புது லெப்டொப்பில் இருப்பதோ விண்டோஸ்.

உன் நிரலில் கோப்பைத் திறக்கும் இரண்டு இடத்திலும் இரும முறை என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். இந்தமுறை அளவு சரியாக வந்தது. போட்டதும் குரவை வீடு முழுக்கப் போய், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கடைசியில் உன் பேச்சும் இருந்தது.

"இப்ப நீ விடு மச்சி. விடுகா. ஆரு கேக்கப்போறா?" அதற்குப் பிறகு மின்விசிறி மட்டும். அந்த மௌனம் நான்தான். பிறகு நீ, "இவ விடமாட்டா" என்கிறாய்.

கல்யாண வேலை அதோடு தீர்ந்தது. கையேடு தீரவில்லை. அந்தப் பக்கம் அப்படியே கிடந்தால், அதைப் படித்து வேறு யாரோ தங்கள் வீட்டுச் சத்தத்தைப் படியெடுப்பார்கள். மூலத்தை அழித்த பிறகு போட்டுப் பார்ப்பார்கள். திருத்தத்தான் வேண்டும். ஆனால் அங்கே திருத்துகிறவர் என்ன பிழை, எப்படிக் கண்டேன் என்று எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். அதெல்லாம் உன் வேலை. முன்பின் தெரியாத ஒருவருக்கு, "அண்ணன், குறை நினைக்க வேணாம், ஆனால் இது முழுப் பிழை" என்று எழுதியவள் நீ. நானோ பஸ்ஸில் ஏறி, சாய்ந்தமருதில் இறக்கிவிடச் சொல்ல வெட்கப்பட்டு அக்கரைப்பற்று வரை போய்த் திரும்பியவள். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராது. பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆனாலும் எழுதிப் பார்த்தேன். "இது பிழை" என்று எழுதினேன், முகத்தில் அடித்தது போலிருந்தது. அழித்தேன். "இதை எழுதியவர் மிகவும் நல்லவர், கலகலப்பானவர், ஆனால்" என்று தொடங்கினேன். மரண அறிவித்தல் போல வந்தது. அதையும் அழித்தேன்.

பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்த மாமி நடப்பதைக் கவனித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அரிதட்டு நின்றது.

"மௌத்தானவங்கட குறையக் கதைக்கப்படாதுகா. உலகமே பாக்கிற எடத்துல அவ பிழையா எழுதிட்டா எண்டு போடப்போறியா?"

"போடாட்டி மத்தவங்கட சத்தமும் இப்பிடித்தான் பாதியில அந்து போகும் மாமி."

மாமி மறுபடி மா அரிக்கத் தொடங்கினார். நான் லெப்டொப்பை மூடப் போனேன்.

"அவ பாத்த லெப்டொப்பில அது சரிதானே?"

"ஓம் மாமி."

"அப்ப அவட குறைய ஏன் செல்றாய்? அவ எதுல பாத்தா எண்டு செல்லு. நீ எதுல பாத்தாய் எண்டும் செல்லு. ரெண்டு பேரும் பாத்ததத்தானே செல்றீங்க, இதுல குறையெங்க?"

உன் வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உன் வாக்கியத்தை நான் அழிக்கவில்லை மச்சி. "எந்தக் கணினியிலும் அப்படித்தான்" என்பதை மட்டும் எடுத்துவிட்டு, முன்னால் "லினக்ஸில்" என்று சேர்த்தேன். அதற்குக் கீழே, "விண்டோஸில் வேறுபாடு உண்டு. ஒலி, படம் போன்றவற்றை எப்போதும் இரும முறையிலேயே திறக்கவும், லினக்ஸிலும் அதனால் கெடுதி இல்லை" என்று எழுதினேன். நிரலிலும் இரண்டு இடத்தை மாற்றினேன். காரணம் கேட்ட கட்டத்தில், "லினக்ஸில் என் மச்சி சோதித்தார், சரி. விண்டோஸில் நான் சோதித்தேன், ஒரு குரவை வாயைத் திறக்கும் முன் நின்றுவிட்டது" என்று போட்டு, திரும்ப வாசித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

மாமி குசினிக்குள் அடுப்படியில் இருந்தார். நான் கதவைச் சாத்தவில்லை. நாக்கை மடித்து, மூச்சை இழுத்து, ஒரு குரவை விட்டேன். வாத்து மிதிபட்டது போல இருந்தது.

"ஆருகா அது?" என்று உள்ளேயிருந்து மாமி சத்தம் போட்டார்.

நான் இன்னொன்று விட்டேன்.