வராத ஏழு பேர்

மல்லசமுத்திரம்
3.1.2025

அன்புள்ள மஞ்சுளா அம்மணிக்கு,

சௌந்திரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சேலத்துச் சடுகுடுப் போட்டிகளின் வரலாற்றை நீ விழா மலருக்கு எழுதுகிறாய் என்றதும் சிரித்துவிட்டேன். டீச்சராக இருக்கிற நீ, அஞ்சாவதோடு நின்ற என்னிடமா தகவல் கேட்கிறாய்? சரி, எழுதிக்கொள். முதலில் பனமரத்துப்பட்டி ஏரி வற்றினால் அதுதான் மைதானம். மழை வந்தால் போட்டியும் முழுகும். பிறகு அம்மாபேட்டையில், தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் சுற்றி நிற்க, மண் தரையில் சடுகுடு. அப்புறம்தான் கேலரி வைத்த பெரிய மைதானம். ஐயாயிரம் பேர் உட்காரலாம், பொம்பளைகளுக்கு ஒரே கக்கூஸ். அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைப் பிடிப்போம். எதிரணி அம்மாபேட்டைக்காரி என்றாலும் நீயும் பிடித்திருக்கிறாய். அந்தப் பிடியை ஆட்டத்தில் காட்டியிருந்தால் ஒருமுறையாவது என்னை மடக்கியிருப்பாய்!

உன்னிடம் ஒருநாளும் பிடிபடாத,
சௌந்திரம்

சேலம்
14.1.2025

சௌந்திரம்,

உன் கடிதத்தைப் படித்து வீடே சிரித்தது. கக்கூஸ் சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல். விழாவில் பழைய ஆட்டக்காரர்களுக்குச் சால்வை உண்டு. நீயும் உன் அணியில் ஆடிய ரஞ்சனியும் வராமல் இருக்கக் கூடாது.

அன்புடன்,
மஞ்சுளா

மல்லசமுத்திரம்
20.1.2025

மஞ்சுளாவுக்கு,

பொடி எழுத்து எனக்கு ஓடாது. ரஞ்சனி மகள் சௌமியாவை வாசிக்கச் சொன்னேன். அவளும் இந்த வருடம் அதே மைதானத்தில் ஆடப்போகிறவள். "1998 மகளிர் இறுதிப் போட்டி. மல்லசமுத்திரம் அணி வரவில்லை. கோப்பை அம்மாபேட்டைக்கு." வாசித்துவிட்டு, "ஏம்மா, பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். ரஞ்சனி தலை நிமிராமல், "ஆமாஞ் சாமி" என்றாள்.

நாங்களா வரவில்லை? ரஞ்சனிக்கு அன்று தூரமாகிவிட்டது. கால்சட்டையில் கறையைப் பார்த்த கமிட்டிக்காரர், "பூசை போட்ட களம் புள்ள, தீட்டோட கால் வெக்காதே. மத்த ஆறு பேரு ஆடுங்க" என்றார். "ஆடுனா ஏழு பேருந்தானுங்க" என்று நான் சொன்னபோது நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் வெளியே நடந்தோம். நீ கோப்பையை வாங்கினாய்.

ஒரே ஒரு வரி மாற்று அம்மணி. வந்தார்கள், விடவில்லை.

சௌந்திரம்

சேலம்
2.2.2025

சௌந்திரம்,

கமிட்டியில் கேட்டேன். அந்த மாதிரி விஷயத்தை மலரில் போட முடியாதாம். 'வாகனக் கோளாறால் வர இயலவில்லை' என்று வேண்டுமானால் மாற்றலாம் என்கிறார்கள். அது கௌரவமாகவும் இருக்கும். எனக்கும் அப்போது பத்தொன்பது வயதுதானே? இதோடு விட்டுவிடு. மேடையில் என் பக்கத்திலேயே உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சுளா

மல்லசமுத்திரம்
10.2.2025

மஞ்சுளா டீச்சர் அவர்களுக்கு,

அன்று நாங்கள் வந்தது ரங்கன் அண்ணனின் புது லாரியில். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. இதைக் கேட்டால் அவர் சண்டைக்கு வருவார்.

சௌமியாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ரஞ்சனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண் ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் கோப்பைய அவங்க எப்படி பெரிம்மா கையில வாங்குனாங்க?" தீட்டு என்ற அந்த ஆளைவிட, நீங்கள் எழுதிய கௌரவம்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆட்டம் பார்க்க ரஞ்சனியும் நானும் வருவோம். கேலரியில் உட்கார்ந்து, சௌமியா சடுகுடு பாடிப் போகும்போது தொண்டை கிழியக் கத்துவோம். மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக் கை ஆட்டிவிடாதீர்கள் டீச்சர். நாங்கள்தான் வரவில்லையே.

இப்படிக்கு,
சௌந்திரம்