சொந்தக்காரி முகவரி

ஜூன் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. இணைய முகவரியோடு என் மின்னஞ்சலும் போய்விட்டதால் தபாலில் எழுதுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன்.

பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் என் தளத்தைத் திறந்தால் 'மோசடி காரணமாக முடக்கப்பட்டது' என்று வருகிறது. நேற்று ஓர் அம்மா வாசலைத் தாண்டவில்லை. "மேடம், உங்க பக்கத்துல இப்பிடி வருதே. நல்லா விசாரிச்சிட்டு அனுப்புன்னு இவன் அப்பா சொல்லிட்டாரு." பையனின் கையை அவள் விடவே இல்லை. திக்கிப் பேசுகிறவன். இப்போதுதான் தன் பெயரை முழுதாகச் சொல்லத் தொடங்கியிருந்தான்.

என் தளத்தின் முகவரி, இணைய முகவரிகள் விற்கும் உங்கள் நிறுவனத்தில் வாங்கியது. புகார்ப் பிரிவு உன் பொறுப்பு. என்னிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை?

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் புரிகிறது. எவனோ உன் தளத்துக்குள் புகுந்து, வங்கியின் பெயரில் கடவுச்சொல் திருடும் பக்கம் ஒன்றைச் செருகியிருந்தான். வங்கியிலிருந்து புகார் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அறிவிப்பு அனுப்பி, சரிசெய்ய இரண்டு நாள் கொடுத்திருப்பேன். நீ என் அக்கா. அவகாசம் கொடுத்தால், "சொந்தக்காரங்கன்னா சலுகையா சார்?" என்பான் பக்கத்து மேசைக்காரன். அதனால்தான் உடனே மூடினேன்.

வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வா, பேசிக்கொள்ளலாம்.

தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

திருடன் நுழைந்த வீட்டைப் பூட்டிவிட்டு, வீட்டுக்காரியைத் திருடி என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாய். ஏமாற்றவென்றே வாங்கிய முகவரி வேறு, திருடன் புகுந்த முகவரி வேறு. பிரித்துப் பார்ப்பதுதானே உன் வேலை? முன்பின் தெரியாதவனுக்கு இரண்டு நாள், கூடப் பிறந்தவளுக்கு ஒன்றுமில்லை. உன் நேர்மையைக் காட்ட நான்தான் கிடைத்தேனா?

அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். முடக்கியது தவறென்று நிறுவனத்தின் பெயரில் எழுதிக் கொடு. பெற்றோருக்குக் காட்ட வேண்டும்.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

யாருக்கும் தெரியாமல் உன் தளத்தைத் திறந்துவிட்டேன். போதுமா? எழுதிக் கொடுத்தால் என் வேலைக்கே உலை. எல்லாம் சரியான பிறகும் ஏன் கிளறுகிறாய்? "அண்ணிக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று என் மனைவியும் கேட்கிறாள். சின்ன வயதிலிருந்தே உனக்கு நான் தோற்றால்தான் திருப்தி.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

திறந்ததற்கு நன்றி சொல்லப்போவதில்லை. யாருக்கும் தெரியாமல் திறந்தவன் நாளைக்கு அப்படியே மூடவும் செய்வான். வராமல் நின்ற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. தளம் திறந்திருக்கிறது, சந்தேகம் போகவில்லை.

உன் மேலதிகாரிக்கு முறையீடு அனுப்பியிருந்தேன். இன்று அவரே கூப்பிட்டார். விசாரிப்பதாகவும், தவறென்றால் எழுத்தில் தருவதாகவும் சொன்னார். போனை வைக்கும் முன், "ஒரு விஷயம் மேடம், அவரு உங்களுக்கு ஏதும் சொந்தமா?" என்றார்.

இல்லை என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்