உபயம்: பழனிவேல் அரிசி மண்டி

திருப்பாதிரிப்புலியூர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பழனிவேல் எழுதுவது. இங்கே நானும் தமிழ்ச்செல்வியும் சிந்துஜாவும் நலம். மாமா போன பிறகு நீ சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று டிரைவர் பக்கிரி சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நெல் ஏற்ற வந்த லாரியைக் களத்திலேயே நிறுத்தி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, பக்கிரியை பஸ்ஸில் அனுப்பிவிட்டாய். கேட்டதற்கு, 'வண்டி எம்பேர்லதான இருக்கு' என்றாயாம். இருக்கிறதுதான். அப்பா அதை வாங்கியபோது என் பேரில் கடன் இருந்தது, அதனால் உன் பேரில் எழுதினார். ஆனால் இத்தனை வருஷமும் வைத்து ஓட்டியவன் நான் இல்லையா? அறுவடை நேரம், மண்டியில் சரக்கு இல்லை. வைகாசியில் சிந்துஜா கல்யாணம் வேறு. பக்கிரியை மறுபடி அனுப்புகிறேன், சாவியைக் கொடுத்துவிடு.

உன் தம்பி,
பழனிவேல்


காட்டுமன்னார்கோயில்
14.2.2025

தம்பி பழனிவேலுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சிந்துஜாவை மிகவும் கேட்டதாகச் சொல். பக்கிரியை அனுப்ப வேண்டாம். வண்டி இங்கே இல்லை.

சிதம்பரத்தில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை, வண்டி பிடிக்க வழியில்லாத குடும்பங்களுக்காக, சொந்த ஊருக்கு இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். லாரியை அவர்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். பேரும் மாற்றியாகிவிட்டது.

கார்த்திகை மழையில் உன் மாமா கடலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது நினைவிருக்கிறதா? ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர். எந்த வண்டியும் வர முடியவில்லை. தண்ணீரில் போகக்கூடிய நம் லாரி உன் மண்டி வாசலில் சும்மா நின்றது. உனக்குப் போன் செய்தேன். 'அரிசி ஏத்துற வண்டி, அக்கா. பொணத்த ஏத்துனா அப்பறம் எவன் நம்ம கடையில வாங்குவான்? வேற ஏதாவது பாரு' என்றாய். கடைசியில் துறைமுகத்து மீன் வண்டிக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வந்தார். எத்தனை குடம் ஊற்றியும் அந்த வாடை போகவில்லை, பழனி. அந்த வாடையோடுதான் அவரைக் கொண்டுபோய் எரித்தோம்.

வண்டிக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் 'அமரர் ஊர்தி. உபயம்: பழனிவேல் அரிசி மண்டி, திருப்பாதிரிப்புலியூர்' என்று எழுதச் சொன்னேன். உன் ஊரிலேயே ஓட்டவும் சொல்லியிருக்கிறேன். புண்ணியம் உனக்கே சேரட்டும்.

அக்கா,
சௌந்தரம்


திருப்பாதிரிப்புலியூர்
2.3.2025

அக்கா,

நேற்று நல்ல வியாபார நேரத்தில் அந்த வண்டி என் கடைக்கு நேர் எதிரே நெரிசலில் மாட்டிக்கொண்டது. உள்ளே அழுகைச் சத்தம். பையோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரன், 'என்ன மச்சான், டோர் டெலிவரி ஆரம்பிச்சிட்டியா?' என்று சிரிக்கிறான். பண்ருட்டிச் சம்பந்தியம்மாள் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டு, 'உங்க வூட்டுக்காரரு என்னதாம்மா தொழில் பண்றாரு?' என்று கேட்கிறாள். உன் கையால் வளர்ந்த பெண் அறைக்குள் உட்கார்ந்து அழுகிறது.

அன்றைக்கு நான் சொன்னது தப்புதான். வண்டி அவர்களிடமே இருக்கட்டும். என் பேரை மட்டும் அழிக்கச் சொல். இல்லாவிட்டால் வக்கீலைப் பார்ப்பேன்.

பழனிவேல்


காட்டுமன்னார்கோயில்
10.3.2025

தம்பிக்கு,

வக்கீலைப் பார். தான் கொடுத்த தானத்தைத் தம்பி பேரில் எழுதி வைத்த அக்காவை எந்தச் சட்டத்தில் பிடிப்பார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

சிந்துஜா அழுகிறாள் என்று படித்ததும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பேர் அழியாது. அந்த வண்டி உன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிய வேண்டும். எனக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

சௌந்தரம்


திருப்பாதிரிப்புலியூர்
20.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பழசையெல்லாம் மறந்துவிடு. ஒரு நல்ல சேதி. திருவதிகையிலிருந்து முத்தம்மாள் என்று ஒரு அம்மாள் மண்டிக்கு வந்தார். அவர் மகனை நம் வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். 'நீங்க இல்லன்னா எம்புள்ளைய எப்படி வூடு கொண்டாந்திருப்பேன் சாமி' என்று கடை நடுவே என் காலில் விழுந்துவிட்டார். நின்றவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். அதிலிருந்து எதிர்க்கடைக்காரன்கூட வணக்கம் வைக்கிறான். வியாபாரமும் ஜாஸ்தி. வியாபாரிகள் சங்கத்தில் அடுத்த மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சம்பந்தி வீட்டில் ஒரே பெருமை.

நீ கோபத்தில் செய்தது எனக்கு நல்லதாகவே முடிந்தது, பார்த்தாயா? பேர் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் என் போட்டோவையும் போடச் சொல்லி அறக்கட்டளைக்குப் பேசியிருக்கிறேன். கல்யாணத்துக்கு நீ முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும்.

அன்புத் தம்பி,
பழனிவேல்


காட்டுமன்னார்கோயில்
6.5.2025

பழனிவேலுக்கு,

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே திருவதிகைக்கு பஸ் ஏறினேன். முத்தம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வண்டியைக் கொடுத்தவரின் அக்கா என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு மோர் கொண்டுவந்தார். வண்டியைக் கொடுத்தது யார், உன் மாமா எதில் ஊர் வந்து சேர்ந்தார், நீ போனில் என்ன சொன்னாய், எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையிலிருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, 'அவரு கால்லயா வுழுந்துட்டு வந்தேன்' என்றார்.

மகனைப் பறிகொடுத்தவளுக்கு இருந்த ஒரே ஆறுதலையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. தோன்றினாலும், சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

சிதம்பரத்தில் இறங்கினேன், வண்டி அன்றைக்கு அறக்கட்டளை வாசலில்தான் நின்றது, உன் பேரை அழிக்கச் சொன்னேன். நான் நிற்கும்போதே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். 'அப்ப உங்க வூட்டுக்காரரு பேர எழுதட்டுங்களாம்மா?' என்று கேட்டார்கள். வேண்டாம், அவர் ஏறாத வண்டி அது என்றேன்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். சிந்துஜா மாப்பிள்ளையோடு ஒருநாள் இங்கே வரட்டும், விருந்து வைக்கிறேன். கொண்டுவந்து விடுகிறேன் என்று நீ கூட வராதே.

இன்னொன்று. உனக்குப் பொன்னாடை போர்த்தும் கூட்டத்தில் நாலு வார்த்தை பேச, சங்கத்தில் முத்தம்மாளையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். போவீங்களா என்று கேட்டேன். 'பேசறதுக்குத்தான் கூப்புட்டிருக்காங்க, போயி பேசிட்டு வரேன்' என்றார்.

சௌந்தரம்