தயிர் நிறச் சீட்டில் புளிக்காய்ச்சல்

சம்பந்தி,

இன்று காலை மாப்பிள்ளை பாப்பாவோடு சிதம்பரம் வந்து காரை வாசலில் நிறுத்தினார். பாப்பாவின் பையை எடுக்கலாமென்று பின்கதவைத் திறந்தேன். குப்பென்று முகப்பவுடர் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் சீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பவுடர் கொட்டிக் கிடந்தது. வழியில் வாங்கிய மசால்வடைப் பொட்டலத்தைப் பாப்பா சீட்டிலேயே வைத்துவிட்டாளாம். “எண்ணெய இழுத்துக்கட்டும் அத்தை, சாயங்காலம் தட்டிக்கலாம்” என்றார் உங்கள் மகன், பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்துவருகிறவர் போல. எனக்குக் கதவைச் சாத்த மனம் வரவில்லை. அந்த வாசனையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அந்தக் கார் வந்த புதிதில் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டதாகக் கயல் போனில் சொன்னாள். தயிர் நிறத்தில் தோல் சீட். கடலூர்ப் புழுதிக்கும் வேர்வைக்கும் யாராவது இந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்களா என்று கேட்டீர்களாம். மகள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, உங்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை. பேசுகிற நிலையில் அப்போது நாம் இல்லை.

கயலும் உங்கள் மகனும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். உங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில், எங்கள் வீட்டில் கோயில் என்றால் நடராஜர் கோயில். யாரும் யாரையும் திட்டவில்லை, சண்டையும் போடவில்லை. கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்வேன், பொங்கலுக்கு நீங்கள் செய்வீர்கள். “நல்லா இருக்கீங்களா?” “நல்லா இருக்கோம்.” அதோடு முடிந்துவிடும். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. கயல் இதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் பிறந்த வீட்டுக்கு வரும்போது புகுந்த வீட்டுப் பேச்சையும், அங்கே இருக்கும்போது எங்கள் பேச்சையும் அவள் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தாள். அதைக் கவனித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு உங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் என்று முடிவாயிற்று. கலவைச் சாதம் எங்கள் பொறுப்பு. மற்றதையெல்லாம் அன்று காலையில் அங்கே வந்தே செய்துகொள்ளலாம், புளிக்காய்ச்சலை மட்டும் வீட்டிலிருந்தே காய்ச்சி முதல்நாளே கொண்டுபோய்விடலாமென்று நினைத்தேன். பஸ்ஸில் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் காரை எடுத்துக்கொண்டு நீங்களே வந்து நின்றீர்கள். வளையல் வாங்க இந்தப் பக்கம் வந்ததாகவும், அப்படியே என்னையும் ஏற்றிக்கொள்ளலாமென்று தோன்றியதாகவும் சொன்னீர்கள்.

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். புளிக்காய்ச்சல் தூக்கைப் பிடித்துக்கொள்ள அதுதான் வசதி என்று காரணம் சொன்னேன். புவனகிரி தாண்டியும், பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியும் நாம் வெயிலைப் பற்றித்தான் பேசினோம்.

ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆடு ஓடிவந்து ரோட்டின் நடுவில் நின்றது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். தூக்கு சரிந்து மூடி கழன்றது. நல்லெண்ணெயும் மஞ்சளும் மிளகாயுமாக அத்தனையும் தயிர் நிறச் சீட்டில் இறங்கியது. முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனேன்.

“வேணாம் சம்பந்தி, தேய்க்காதீங்க. தேய்ச்சா உள்ள போயிடும்.”

வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினீர்கள். கெட்டியாகக் கிடந்ததை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் விளிம்பால் வழித்து எடுத்தீர்கள். கைக்குட்டையை வைத்து அழுத்தி அழுத்தி எண்ணெயை ஒற்றினீர்கள். பிறகு கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, குழந்தைக்குப் பூசுவதுபோல் சீட்டு முழுக்கக் கவிழ்த்தீர்கள். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“கைப்பைக்குப் பண்றதுதான். கார் என்னா, கொஞ்சம் பெரிய கைப்பை.”

நான் சிரிக்கவில்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தேன். புதுக் கார், மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கியது. பெண்ணின் அம்மா முதல் தடவை ஏறியதுமே இப்படி ஆகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பின்சீட்டில் இனி உட்கார இடமில்லை. மீதி வழிக்கு முன்சீட்டில், உங்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் வாதாமர நிழலில் வண்டியை விட்டோம். கயல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒரு கிண்ணத்தில் குழந்தை சோப்பைக் கலக்கி நுரையை மட்டும் பஞ்சில் எடுத்தீர்கள். சாயம் போகுமா என்று, முதலில் யார் கண்ணுக்கும் படாத அடிப்பக்கத்தில் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு நீங்கள் ஒரு கதவு வழியாகவும் நான் மறு கதவு வழியாகவும் உள்ளே மண்டியிட்டோம். நீங்கள் நுரை வைத்தீர்கள், நான் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், உடனே காய்ந்த துணியாலும் ஒற்றினேன். இரண்டு பேருடைய தலையும் அடிக்கடி முட்டிக்கொண்டன.

எண்ணெய் போய்விட்டது. மஞ்சள்தான் லேசாகத் தங்கிவிட்டது. இள வெயில் பட்டால் தானாக வெளுக்கும், ஆனால் உச்சி வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அப்படியே பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

“வளையல்லாம் போன வாரமே வாங்கியாச்சு சம்பந்தி. உங்களோட தனியா பேசணும்னுதான் வந்தேன். வழியெல்லாம் வாயே வரல.”

என்ன பேச வந்தீர்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ வீட்டுக்கு வாங்கன்னு சொல்லுவீங்கன்னு.”

“நீங்க வருவீங்கன்னுல்ல நான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றேன். “சம்பந்தி வீட்ட அழைக்கணுமா என்ன? அவுங்களா வருவாங்கன்னு நெனைச்சேன்.”

கார் சீட்டின் இரண்டு பக்கமும் மண்டியிட்டபடி ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது நீங்கள்தான். கயல் எழுந்து வந்து பார்த்தபோது, அம்மாவும் மாமியாரும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிப்பதைக் கண்டு பயந்துபோனாள். பிறகு விஷயத்தைக் கேட்டு வாசற்படியில் உட்கார்ந்தவள், இருட்டும்வரை எழுந்து போகவில்லை. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். காரைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “இங்க மட்டும் என்னம்மா இவ்ளோ பளிச்சுனு இருக்கு?” என்றார். மஞ்சள் அவர் கண்ணில் படவே இல்லை. நாம் துடைத்த இடம் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்ததில், மற்ற இடத்து அழுக்கெல்லாம் வெளியே தெரிந்துவிட்டது. நடந்ததை நீங்கள் அப்படியே சொன்னீர்கள். அவர் சிரித்துவிட்டு, மீதியையும் நாமே முடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

முடித்துக்கொடுக்க நமக்கு வருஷங்கள் ஆயின. பாப்பா கக்கிய பால், அண்ணாகிராமத்துத் தோப்பிலிருந்து ஏற்றிவந்த பலாப்பழத்தின் பிசின், அதை எடுக்கத் தேங்காயெண்ணெய் தடவி அந்த எண்ணெயை எடுக்கப் பவுடர் போட்டது, புது ஜீன்ஸ் விட்ட நீலம், பாப்பா பேனாவால் வரைந்த மீன். பேனா மீனின் வால் மட்டும் கடைசிவரை போகவில்லை. கார் சிதம்பரம் வரும்போதெல்லாம் நீங்களும் வந்தீர்கள். கார் வராத வாரங்களில் நான் பஸ் ஏறினேன். துடைக்கக் கறை இல்லாதபோதும் நமக்குப் பேச நிறைய இருந்தது.

உங்கள் கடைசி வருஷத்தில், சிகிச்சைக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அதே சீட்டில்தான் போய்வந்தோம். ஒருநாள் திரும்பும் வழியில் உங்களுக்குக் குமட்டிவிட்டது. உங்கள் புடவையிலும் என் மேலும் சீட்டிலும் பட்டது. நீங்கள் கூசிப்போய் மன்னிப்புக் கேட்டீர்கள். ஆடு குறுக்கே வந்துவிட்டதென்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவ்வளவு சோர்விலும் சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தீர்கள். கடலூர் வரும்வரை அப்படியேதான் தூங்கினீர்கள். உங்களை நினைக்கும்போது படுக்கையில் கிடந்த முகம் எனக்கு வருவதில்லை. அந்தத் தோள் பாரம்தான் வருகிறது. அதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

கயலின் தம்பி, எங்கள் சின்னவனுக்குக் கீரப்பாளையத்தில் பெண் முடிவாகியிருக்கிறது. நிச்சயத்தன்று பெண்ணின் அம்மா என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அவர்களாகக் கூப்பிடட்டும், அப்புறம் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நேற்று நான் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

கதவைத் திறந்த அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை வாரியிருக்கவில்லை, கையெல்லாம் மாவு. வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருக்கிறார், ஆள் அனுப்பிக் கூப்பிடட்டுமா என்று பதறினார்.

“அவுங்க மெதுவா வரட்டும். நான் உங்களத்தான் பாக்க வந்தேன்” என்றேன்.

அந்த அம்மா நாற்காலியில் குவிந்து கிடந்த துவைத்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னார். மத்தியானச் சாப்பாடுவரை நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.