பச்சைப் பை கிடைத்துவிட்டது என்று எழுதினாயே

ஓசூர்
18.5.1994

மகள் தமயந்திக்கு அம்மா காளியம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும். நலம் விசாரித்தாயிற்று. இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் உனக்கு இனிப்பாக ஒன்றும் இருக்காது, உட்கார்ந்து முழுசாகப் படி.

வெளிநாட்டில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற பெரியதம்பி கிருஷ்ணகிரிக்கு லீவில் வந்தவர், போன வியாழக்கிழமை உன் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். புதிதாக ஒரு ஹேண்ட்பேக்குக்குப் பெயர் பதிந்து ஆறு மாதம் காத்திருந்து வாங்கினாயாம், அதோடு இருபத்தேழு ஆகிறதாம், கண்ணாடி பீரோவில் இடம் போதாமல் இன்னொரு பீரோ சொல்லியிருக்கிறாயாம். எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரி. பச்சைப் பை கிடைத்துவிட்டது, விமானத்தில் எடை கூடுகிறதென்று இவர்தான் நான் பொங்கலுக்குக் கிளம்பும்போது பெட்டியிலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு எழுந்து போய் பம்பில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பொங்கலுக்கு நீ வந்தது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பெங்களூர் சிநேகிதிக்குக் காட்ட வேண்டுமென்று பைகளை வெள்ளைத் துணி உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தாய். தேங்காய் எண்ணெய்க் கையோடு கிட்டே வராதே என்று நான் பெற்ற பிள்ளை எனக்குச் சொன்னாய், சரி என்று தள்ளி நின்றேன். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் மகள் முனிலட்சுமி பார்க்க வந்தாள். அவள் சிப்காட்டில் தோல் பை கம்பெனியில் மூன்று வருஷமாகக் கைப்பிடி தைக்கிறவள், பையைக் கண்டால் அவள் கண் தையலுக்குத்தான் போகும். கையைத் துடைத்துக்கொண்டு, உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சிவப்புப் பையை எடுத்தாள். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "அக்கா, இங்க பெயின்ட் உரிஞ்சிகினு வருது பாருங்க, எங்க லைன்ல இதை ரிஜெக்ட்ல தூக்கிப் போட்டுருவாங்க" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வேலை, அதைச் சொன்னாள், வஞ்சகம் ஏதும் இல்லை. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெடுக்கென்று பிடுங்கி உறைக்குள் போட்டாய்.

மறுநாள் காலையில் பச்சைப் பையைக் காணோம் என்றாய். நாலு கொண்டுவந்தேன், மூன்றுதான் இருக்கிறது என்றாய். நீ வந்த அன்றைக்கே கட்டில் மேல் மூன்றுதான் பார்த்தேன் என்று நான் சொன்னேன் அல்லவா. உனக்கு என்னம்மா தெரியும், நீ எண்ணிப் பார்த்தாயா என்று கத்தினாய். நான் வாயை மூடிக்கொண்டேன். பத்து நாளைக்கு வந்த பிள்ளையோடு சண்டை எதற்கு என்று மூடிக்கொண்டேன், அது என் குற்றம், அதை நான் யார் மேலும் போடவில்லை. நீ ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்கே போய், உங்கள் ஆள் என் வீட்டில் திருடிவிட்டாள், உங்களிடமும் தோல் எடுத்திருப்பாள், நன்றாகத் தேடிப் பாருங்கள் என்று ஆபீசரிடம் இங்கிலீஷில் சொன்னாய். அவர்கள் மிஷினிலிருந்து அவளை எழுப்பி, ஷிப்டு விடுகிற நேரத்தில், அத்தனை பேர் போய் வருகிற கேட்டில், அவள் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். டப்பாவும் ஒரு சீப்பும் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றைக்குச் சாயந்திரம் சென்னம்மாள் நம் வாசலில் வந்து நின்று, "எம்மா, எம் பொண்ணு ஒரு நூலுத் துண்டு எடுத்துகினு வந்தவ இல்லம்மா, நீயாச்சும் சொல்லும்மா" என்று கேட்டபோது நீ உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். உனக்குக் காது கேட்டது. எனக்கும் கேட்டது.

நீ விமானம் ஏறிவிட்டாய், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். முனிலட்சுமிக்குக் கெலமங்கலத்தில் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பிப்ரவரியில் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். ஓசூரில் எந்தத் தோல் கம்பெனியிலும் எடுக்கவில்லை. மார்ச்சிலிருந்து பெங்களூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறாள், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். பம்பில் நான் குடத்தோடு போனால் சென்னம்மாள் பாதிக் குடத்தோடு எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். பதினாலு வருஷம் பக்கத்து வீடு. அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது நாள் தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள்.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பா லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். அந்தக் கம்பெனிக்குப் போய், இதைப் படியுங்கள் என்று கொடுத்தோம். ஆபீசர் படித்துவிட்டு, "இது உங்க பொண்ணு உங்களுக்கு எழுதினதும்மா, கம்பெனிக்கு எழுதினா பைல்ல போடலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா வா போகலாம் என்றார். எனக்குப் போக மனம் வரவில்லை. மூன்று மணி ஷிப்டு விடுகிறவரை அந்தக் கேட்டில் நின்றேன். பெண்கள் வெளியே வரும்போது உன் கடிதத்தைப் பிரித்து அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தேன். வாட்ச்மேன் ஓரமாகப் போங்கள் என்றான், போகவில்லை. மூன்று தடவை படித்தேன். ரங்கம்மா என்று முனிலட்சுமியோடு ஒரே லைனில் இருந்தவளாம், கிட்டே வந்து, "அன்னைக்கே தெரியும்மா எங்களுக்கு. நீங்க அன்னைக்கு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செருப்பால் அடித்தது போல இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சென்னம்மாள் உட்காரச் சொல்லவில்லை. முனிலட்சுமிதான் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். நான் என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள், "உங்களுக்கு அன்னைக்கே மூணுதான்னு தெரியுமாம்மா" என்று கேட்டாள். தெரியும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் கடிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பார்சலில் உன் பழைய பை ஒன்றை வைத்து, இதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு, மனசு ஆறிவிடும் என்று சீட்டு எழுதியிருந்தாயே. அதை நான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண்ணை அத்தனை கேவலமாக நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது. பெரியதம்பி கையிலேயே இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், உன் பீரோவில் வைத்துக்கொள். சின்ன வயசில் மஞ்சள் பையில் புத்தகம் கொண்டுபோன ஏக்கம்தான் இப்போது வாங்க வைக்கிறது என்று ஒருமுறை சொன்னாய், நானும் உருகினேன். உன் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள் பைதான் கொண்டுபோனது. நீ எத்தனை வாங்கினாலும் அது உன் பாடு, மாப்பிள்ளை பாடு. ஒரு பைக்காக ஒரு ஆளைக் கேட்டில் நிறுத்தினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வாரமே கம்பெனிக்கு உன் கைப்பட இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அவள் அங்கே திரும்பப் போவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம், பேர் சுத்தமாக வேண்டும். அவளுக்குத் தனியாகத் தமிழில் எழுது. அடுத்த தடவை வந்தால் முதலில் அவர்கள் வாசலுக்குப் போ, கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை நில். அதைச் செய்யாமல் நம் வீட்டுக்குள் வராதே. பெற்றவள் சொல்கிறேன், கோபத்தில் சொல்லவில்லை, நாலு நாள் யோசித்துத்தான் சொல்கிறேன். நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் என்று அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தேன், மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தீர்க்காயுசாக இரு. உனக்குக் கெட்டது நினைக்க என்னால் ஆகாது. வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சீட்டிலும் கடிதத்திலும் எங்கேயும் நீ அவள் பேர் எழுதவில்லை, சீட்டில் அந்தப் பெண் என்றுதான் எழுதியிருக்கிறாய். கம்பெனிக்கு எழுதும்போது முழுசாக எழுது. முனிலட்சுமி, சென்னம்மாள் மகள்.

இப்படிக்கு
உன் அம்மா
ந. காளியம்மாள்