வீட்டு ஆளுக்கு ஒரு வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா, நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறோம். இது அம்மாவின் கடிதம், எழுதுவது மட்டும் நான். லாண்டரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலை சீவ முடியாத கோபத்தை என்மேல் காட்டுகிறாள், மற்றபடி தினமும் போய் மேற்பார்வை பார்க்கிறாள். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாயாம், எழுதினால்தான் இரண்டாம் முறை படிப்பாயாம்.

விஷயம் நீ எங்கள் முதலாளிக்கு அனுப்பிய எஸ்டிமேட். எந்த ஆஸ்பத்திரியின் விரிப்பு எத்தனை வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று இனிமேல் கம்ப்யூட்டரே சொல்லும் என்பதில் அவருக்குச் சந்தோஷம், தனியாகத் தொழில் தொடங்கிய உனக்கு இது முதல் வேலை என்பதில் அம்மாவுக்குப் பெருமை. முதலாளி அதை நான் துணி மடிக்கிற மேசைப் பக்கம் நின்று எல்லோர் காதிலும் விழும்படி படித்தார். புரோகிராம் எழுதும் செலவு, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு வருடப் பராமரிப்பு என்று வந்தவர், பழைய விரிப்புக் கணக்கு அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுதல் என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு நேரே பூஜ்ஜியம் போட்டு, வீட்டு ஆள் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். "யாருப்பா அந்த வீட்டு ஆள், காசே கேக்காதாமே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து பாய்லர்க்காரர் என்னைக் கண்டால் "முட்டை வருது, வழி விடுங்க, உடைஞ்சிடப்போகுது" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை, அவர் வாய் அப்படி.

கையெழுத்துக்கு முன்பே தொடங்கிவிடு என்று முதலாளி சொல்ல, நான் அட்டைகள் இருந்த பெட்டியோடு ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பார்த்து அடிக்கிற வேலைதானே என்று நீ நினைத்திருப்பாய். பாதி அட்டைகளில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது, ஒரே ஆஸ்பத்திரிக்கு மூன்று பெயரில் அட்டை இருக்கிறது, கிழிந்து கழித்த விரிப்புகளைச் சிலர் பின்பக்கம் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் யாரையாவது கேட்க வேண்டும், நான் ஆட்களிடம் பேசுகிற அழகு உனக்குத் தெரியும். மடிக்கும் கூலி கட்டுக் கணக்கில் வருவது, அட்டை முன்னால் உட்கார்ந்தால் அது கிடையாது, போன வாரம் பாதிக் கூலிதான் கைக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னதற்கு முதலில் உன் பக்கம்தான் பேசினாள். "அண்ணனோட முதல் வேலைடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன். தொகை ஏறிச்சுன்னா அவர் வேற கம்பெனியத் தேடிப் போயிடுவாரு" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதனால் அட்டைகளை அடித்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று எஸ்டிமேட்டை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். பயணம், டீ, சிற்றுண்டி என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "டீக்குத் தனியா எழுதியிருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன். "குடிக்கப்போற டீக்கு விலை தெரியுது, கூடப்பிறந்தவ வேலைக்கு விலை தெரியலையாமா அவனுக்கு" என்றாள். பேனாவை எடு என்றாள்.

முதலாளி கையெழுத்துப் போடுவதற்குள் அந்த வரியைத் திருத்தி அனுப்பு என்கிறாள். வேலை கைவிட்டுப் போனால் போகட்டும், பாதியில் நின்றுகொண்டு இன்னும் பணம் வேண்டும் என்று கேட்பது அதைவிட அசிங்கம், அவர் முகத்தில் தினமும் விழிப்பது தான்தான் என்கிறாள். எவ்வளவு போடுவது என்று என்னையே கேட்டாள். மடிக்கிற கூலிக்குக் குறையாமல் என்றேன். "அப்புறம்?" என்றாள். எழுந்து போய்க் கேட்டு வருகிற நேரத்துக்கும் சேர்த்து என்றேன். அதை அப்படியே எழுது என்றாள், எழுதிவிட்டேன்.

தொழில் தழைத்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா மனதார ஆசீர்வதிக்கிறாள். இருமல் நிற்கவில்லை என்றால் கடையில் நீயாக மருந்து வாங்காமல் டாக்டரைப் பார், வாடகையைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும்)

அண்ணா, இதற்குக் கீழே உள்ளது அம்மா சொல்லி எழுதியது இல்லை. இன்று காலை நான் மடிக்கிற மேசைக்குத் திரும்பிவிட்டேன். உன் திருத்தம் வரும்வரை அட்டைகளைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். காது கேட்கவில்லை என்றார், இன்னொரு முறை சொன்னேன்.

தங்கை